வலது கட்டைவிரல்

தணிகாசலத்தின் கல்லீரலுக்குள் டாக்டர்கள் வைத்த சின்னஞ்சிறு மணிகள் தினமும் காலையில் உப்பி, புற்றுக்கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும். ஒருநாள் தவறினாலும் கட்டி வெறிகொண்டு வளரும். அவற்றை உப்பவைக்கும் கருவியில், "மருந்து மாத்திரையெல்லாம் பொம்பள வேலை" என்று மனைவி மரகதத்தின் வலது கட்டைவிரலைப் பதியவைத்தது அவன்தான்.

இன்று முதல் தோசை தீய்ந்துவிட்டது. அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து, எலும்பு நொறுங்கும்வரை கதவை அறைந்தான்.

கருவி கூப்பிட்டது.

"வந்து விரல வைடி."

ரத்தம் சொட்டச் சொட்ட வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தொடச்சிட்டு வை."

துடைக்கையில் நகம் கழன்று வந்தது. மறுபடியும் சிவப்பு.

"வேறு விரலைப் பதிய, மரகதம் 'சம்மதம்' என்று சொல்லவும்" என்றது கருவி.

தணிகாசலம் அவள் வாயையே பார்த்தான்.

"அடுப்புல தோசை இருக்குங்க" என்று மரகதம் உள்ளே போனாள்.