ஒன்பதாவது கேள்வி

மாலை நாலே காலுக்குக் கட்சி அலுவலகத்தில் மின்சாரம் போகிறது. மின்விசிறி மெல்லச் சுற்றி நிற்கிறது. யாரும் எழுந்து ஜன்னலைத் திறக்கவில்லை. மாவட்டச் செயலாளர் பதவிக்குப் போட்டியிடும் பேருந்து ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கொள்கைக் குழுவின் மூவர். அவர்கள் தந்த படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, எதிர்க்கட்சியினருடன் மேடை ஏறியதுண்டா என்பது. 'ஆம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறாள். "பணிமனை ஸ்ட்ரைக்குலதானே? தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க தோழர், இன்னைக்கே உங்க பேரை அறிவிச்சுடறோம்," என்று நடுவிலிருக்கும் பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறார். அதன் ஓரம் வியர்வையில் நெளிந்திருக்கிறது. "எழுதலேன்னா?" "பட்டியல்ல பேர் இருக்காது." பக்கத்திலிருப்பவர் சிரிக்கிறார். "ஸ்டியரிங் பிடிச்ச கைக்குப் பேனா பிடிக்க வலிக்குதாக்கும்." அவள் பேனாவை மூடித் தாளின் மேல் வைக்கிறாள். நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். அதன் கால்கள் தரையில் கிறீச்சிடுகின்றன. "அன்னைக்கு அவங்களோட சேர்ந்து நின்னதாலதான் நாப்பத்திரண்டு பேருக்கு வேலை திரும்பக் கிடைச்சுது. தப்புன்னா திருத்திடலாம். அந்த நாப்பத்திரண்டு பேர்ல யார் யாரை மறுபடி வெளிய அனுப்பணும், சொல்லுங்க தோழர்?"