உபவாசத்தில் ஒரு ஏப்பம்

வாசற்படி ஏறும்போதே தொற்காள் ஒரு ஏப்பம் விட்டாள். சின்ன ஏப்பம்தான். ஆனால் வயிறு நிறைந்த ஏப்பம்.

உள்ளே முழங்காலில் நின்றுகொண்டிருந்த தாவீதுக்கு ஜெபம் பாதியில் அறுந்துபோயிற்று. திரும்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்று நாள் உபவாச ஜெபம். இன்று கடைசி நாள். வீட்டில் அடுப்பே பற்றவில்லை. மகள் அபிஷாவுக்கு உதடு காய்ந்து கிடக்கிறது. சாயங்காலம் பாஸ்டர் வந்து முடித்துவைத்த பிறகுதான் கஞ்சி.

“எங்கன போயிட்டு வாரே?”

“சாப்பிடப் போயிருந்தேன்.”

“என்னது?”

“சாப்பிட. மீன்குழம்பு. நல்லா இருந்துச்சு.”

மழுப்பியிருந்தால்கூட மன்னித்திருப்பார்.

“ஏட்டி, பெத்த மகளுக்கு ஒரு வழி காட்டும்னு வீடே பட்டினி கிடக்கு. நீ போயி வயித்த ரொப்பிட்டு வாரியோ? சபைக்காரன் எவனாவது பாத்திருந்தா?”

“பாத்திருப்பாக. பட்டப்பகல்லதான போனேன்.”

தாவீதைச் சங்கரன்கோவிலில் ‘ஜெப அண்ணாச்சி’ என்றால்தான் தெரியும். ராஜபாளையம் ரோட்டில் ஹார்டுவேர் கடை. கடைக்கு ஷட்டர் மாற்றுவதென்றாலும் முதலில் ஜெபம்தான். “வாழ்க்கைய முழுசா அவர் கையில குடுத்துரணும். இதை மட்டும் நான் பாத்துக்கிடுதேன் ஆண்டவரேன்னு எதையும் ஒதுக்கி வைக்கக் கூடாது” என்று சபையில் சாட்சி சொல்லுவார்.

அதைக் கேட்டுச் சபைக்குள் வந்தவன்தான் முத்துக்கிருஷ்ணன். மேலநீலிதநல்லூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞானஸ்நானத் தொட்டிக்குள் அவனைக் கைபிடித்து இறக்கிவிட்டதே தாவீதுதான். “இவன் கர்த்தர் எனக்குத் தந்த மகன்” என்று மைக்கில் அழுதார். சபையும் சேர்ந்து அழுதது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ‘மகன்’ தன் அம்மா பூமாரியோடு வந்து அபிஷாவைப் பெண் கேட்டான். அபிஷாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால், அப்பாவும் அம்மாவும் சம்மதித்தால்தான் என்று சொல்லிவிட்டாள்.

“ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றார் தாவீது. யார் குறை சொல்ல முடியும்?

“பாஸ்டர் வந்ததும் நானே சொல்லிருதேன்” என்று இப்போது குரலைத் தாழ்த்தினார். “ஜெபத்துல எனக்குச் சமாதானம் வரலை. சமாதானம் வராத காரியத்துல கர்த்தர் இல்லை.”

அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அபிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பையன் குடிக்கானா?” என்றாள் தொற்காள்.

“சேச்சே.”

“ஆராதனைக்கு வராம நிக்கானா?”

“மழையானாலும் வந்துருவான்.”

“பிறகு என்னத்த நெனச்சாச் சமாதானம் வரமாட்டேங்கு?”

தாவீது வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“அவுக தெருவ நெனச்சாத்தான?”

“சத்தம் போடாதட்டி. எங்க அண்ணாச்சி வருவாகளா கல்யாணத்துக்கு? சிவகிரி மச்சான் அவுக ஆளுகளோட ஒரே பந்தியில உக்காருவானா? சொல்லு.”

“திருவிருந்துல அந்தப் பையன் வாய் வச்ச பாத்திரத்துலதான நீங்களும் குடிக்கிய?”

“அது சபை. இது வீடு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று தாவீதின் காதிலேயே விழுந்தது. சட்டென்று வேதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“திறக்காதீய” என்றாள் தொற்காள். “நேத்தும் கண்ணை மூடிக்கிட்டுத் திறந்திய. வந்த வசனம் ஒத்துவரலைன்னு மூடிட்டுத் திரும்பத் திறந்திய. பக்கத்துல நானும் முழங்கால்லதான நின்னேன்? எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“நீ ஜெபம் பண்ண லட்சணம் அதுதானா?”

“ஆமா. மொத நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவர் என்ன சொல்லுதாருன்னு. ரெண்டாம் நாளு பயத்துல கிடந்தேன். உங்கள நெனச்சுப் பயம், உங்க அண்ணாச்சிய நெனச்சுப் பயம், ஊர நெனச்சுப் பயம். இன்னைக்குக் காலையில ஒருவழியா அந்தப் பயம் போயிட்டு. எந்திரிச்சிட்டேன். சொல்லிட்டாருன்னு தெரிஞ்ச பிறகும் கேட்டுக்கிட்டே இருந்தா, அது அவர நச்சரிக்கது.”

தாவீதின் கோபத்துக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கடைசியில் சாப்பாட்டில் போய் நின்றது.

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. பசி பொறுக்காம உபவாசத்த முறிச்சவ பேசுத பேச்சா இது? பாஸ்டர் கேட்டா என்ன சொல்ல? வீட்டுக்காரி பஸ் ஸ்டாண்டுல ஹோட்டல்ல போயி உக்காந்துட்டான்னு சொல்லவா?”

“ஹோட்டல்னு யாரு சொன்னா?”

“பின்ன எங்கன போயித் தின்னே?”

தொற்காள் மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

“பொண்ணப் பெத்தவ எந்த வீட்டுல கை நனைச்சா சம்பந்தம் முடிவாயிட்டுன்னு ஊரு சொல்லுமோ, அந்த வீட்டுல. பூமாரி மைனிதான் பரிமாறுனாவ.”