வண்டி வராத ரோடு

பெண் கேட்க வந்தவன் சைக்கிளில் வந்திருந்தான்.

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும், ஃபெடரல் ஹைவேயின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குப் போட்ட பாதையில், மிதித்தே வந்தானாம். பழத்தட்டு இல்லை, பூ இல்லை, கூட ஒரு பெரிய மனிதர் இல்லை. கையில் ஒரு தலைக்கவசம் மட்டும், சுளை எடுத்துவிட்டுக் கவிழ்த்த பலாப்பழம் மாதிரி.

அவனை உட்காரச் சொல்வதற்கு முன் தனலெட்சுமி நாற்காலியின் மேல் ஒரு பழைய துண்டை விரித்தாள். வியர்வை பட்டால் மெத்தை நாறும்.

அதற்கும் முகுந்தன் நன்றி சொன்னான். ரோஷம்கூட இல்லாத பிள்ளை.

மகள் புனிதா வேலை பார்க்கும் வங்கியில், தொலைபேசிப் பிரிவுக்குக் கணினி சரிசெய்ய வந்து பழக்கமானவன். நல்ல சம்பளம்தான். இருந்து என்ன? ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒட்டிப் பிடித்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஜெஞ்சாரோம், பந்திங் என்று ஊர் சுற்றுகிறவன். கார் வாங்க வக்கிருந்தும் சைக்கிள் ஓட்டுகிறவனை என்னவென்று சொல்வது?

கணவர் போன பிறகு மகளுக்கு நல்லது கெட்டது பார்க்கத் தனலெட்சுமி ஒருத்திதான். இன்று அவள் சரி என்றால் தை மாதம் கல்யாணம், அது முடிந்த கையோடு பிரான்சில் பத்து நாள். வேண்டாம் என்றால் அவன் வந்த வழியே மிதித்துக்கொண்டு போகலாம். அம்மா சொல்லைத் தாண்டமாட்டேன் என்று புனிதாவும் முன்பே சொல்லியிருந்தாள்.

‘வேண்டாம்’ நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

பிரான்ஸ் என்றால் பாரிஸாவது பார்ப்பார்களா? அதுவும் கிடையாது. காரும் லோரியும் வராத கிராமத்துப் பாதையாகத் தேடிப் பிடித்து சைக்கிள் விடுவார்களாம். அதற்கு விமானம் ஏறிப் போவார்களாம். இங்கே செம்பனைத் தோட்டத்துக்குள் விட்டால் எந்தக் கார் வந்து மறிக்கப் போகிறது?

“போற ரோட்டைக் காட்டுறேன் ஆன்டி” என்று அவன் கைப்பேசியை டிவியோடு இணைத்தான்.

ஒரு பாதை வந்தது. அதற்குப் பிறகும் அதே பாதைதான் வந்தது.

“முன்ன ரயில் ஓடுன எடம் ஆன்டி. தண்டவாளத்த எடுத்துட்டு சைக்கிளுக்கு விட்டுட்டாங்க. அதான் ஏத்த எறக்கமே இல்ல.”

ஆயுசு முழுக்க ரயில்வேயில் உழைத்தவரின் மனைவி அவள். ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டு சைக்கிள் விடுகிற ஊரை நாகரிகமான ஊர் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

படத்தைப் போட்டதோடு அவன் நிற்கவில்லை. வாயாலும் ஓட்டினான்.

“ரெண்டு பக்கமும் உயரமான மரம், நிழல்தான். இப்ப எடது கைப் பக்கம் ஆறு வருது, ரோட்ட ஒட்டியே. ஒரு சின்னக் கல்லுப் பாலம். தாண்டியாச்சி. வெயில் வந்துருச்சி.”

மரத்தை மரம் என்று இவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ரேடியோவில் பந்து விளையாட்டை வர்ணிப்பவன்கூட நடுவில் மூச்சு விடுவான். படிக்காத கிழவி என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

புனிதா வேறு, வெட்கமில்லாமல் சோபா நுனிக்கு வந்து தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“அது என்ன, மொறுமொறுன்னு?”

“சரளக் கல்லு. கொஞ்ச தூரம்தான். அப்புறம் நல்ல ரோடு.”

தனலெட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏன் தம்பி, ஒரு கோயில் இல்ல, ஒரு கடை இல்ல, ஒரு மனுசன் தலை இல்ல. இதுல பாக்குறதுக்கு என்னதான்லா இருக்கு?”

முகுந்தன் வாயைத் திறப்பதற்குள் புனிதா சிரித்தாள்.

“பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லன்னா எனக்கு என்னம்மா நஷ்டம்?”

பிறகு அவன், விட்ட இடத்திலிருந்து, கொஞ்சம் தணிந்த குரலில் தொடர்ந்தான். வலது பக்கம் சூரியகாந்தித் தோட்டம். எல்லாப் பூவும் நம்ம பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்போதுதான் தனலெட்சுமி கவனித்தாள். அவன் முகம் அவள் பக்கம் இல்லை. இவ்வளவு நேரமும் இருந்ததில்லை.

புனிதாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுக்கு இந்த உலகத்தைச் சொல்லி வந்த ஒரே வாய் தனலெட்சுமியுடையது. துன் சம்பந்தன் சாலையைக் கையைப் பிடித்துக் கடக்கும்போதெல்லாம் அந்த வாய், ‘நில்லு, கார் வருது, நில்லு, மோட்டார் வருது’ என்பதற்கு மேல் எதையும் சொன்னதில்லை.

பூ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

“ரெண்டு பேரு மிதிக்கிற சைக்கிள்மா” என்றாள் புனிதா. “அவரு முன்னாடி, நான் பின்னாடி.”

தனலெட்சுமி அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அந்தக் கால்சட்டை. முழங்காலில் ஹைவே புழுதி. இப்போதும் பிடிக்கத்தான் இல்லை.

“அந்த ஊர்ல நாயி தொரத்துமா?”

“எங்கயாச்சும் இருக்கலாம் ஆன்டி.”

“தொரத்துனா அது என்ன கலரு, எத்தன பல்லுன்னு இவகிட்ட சொல்லிகிட்டு நிக்காத. வாய மூடிகிட்டு வேகமா மிதி.”