கப்பலில் வந்த இளவரசி

"கடைசியில அவளை எரிச்சே கொன்னுட்டாங்க, வசந்தா!"

கணவர் சொன்னதைக் கேட்டு, அடுப்படியிலிருந்த அம்புஜம் சட்டென்று திரும்பினாள். ஐந்து வருடமாக இந்த வீட்டில் அவள்தான் வசந்தா. மூலைக் கடைப் பிரெஞ்சுக்காரர்கூட 'மதாம் வசந்தா' என்றுதான் கூப்பிடுவார்.

நிச்சயமானது அக்கா வசந்தகுமாரிக்கு. அவள் வேறொருவனோடு போய்விட, மானத்துக்குப் பயந்த அப்பா, அக்காவின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துத் தங்கையைக் கனடாவின் மொன்ட்ரியாலுக்கு விமானம் ஏற்றிவிட்டார். முகஜாடை கைகொடுத்தது. மாப்பிள்ளை ஆனந்தகிருஷ்ணன் பெண்ணைப் போட்டோவில் மட்டுமே பார்த்தவர். லீவு கிடைக்காததால் அவர் ஊருக்கு வரவில்லை. கல்யாணமும் இங்கேயே நடந்தது.

"யாரை எரிச்சாங்க?" என்றாள்.

சரித்திரப் பேராசிரியரான அவருக்குச் சனிக்கிழமை ஸ்காட்லாந்துக்காரர்கள் சங்கத்தில் பேச்சு. முதலில் மனைவியிடம்தான் பேசிப் பார்ப்பார்.

"எழுநூறு வருஷத்துக்கு முந்தின கதை. ஸ்காட்லாந்துக்கு ராணியாக வேண்டிய ஏழு வயசுக் குழந்தை மார்கரெட், நார்வே ராஜாவோட பொண்ணு. நார்வேயிலேருந்து கப்பல்ல வர்றப்போ வழியிலேயே செத்துப்போயிட்டா. சிம்மாசனம் எனக்குத்தான்னு பதிமூணு பேர் கிளம்பினாங்க. அந்தச் சண்டையிலதான் ஸ்காட்லாந்துக்காரனுக்கு 'நாம யாரு'ங்கிற கேள்வியே வலுத்தது. பத்து வருஷம் கழிச்சு நார்வேக்குக் கப்பல்ல ஒருத்தி வந்து இறங்கி, நான்தான் அந்த மார்கரெட்னா."

"நம்பினாங்களா?"

"நார்வே ராஜா நம்பலை, எரிச்சுட்டார். ஜனங்க நம்பினாங்க, அவளுக்குக் கோயிலே கட்டிட்டாங்க."

"அடுத்தவ பேரைச் சொல்லிக்கிட்டு வந்தது தப்புதானே?"

"அவளா வந்தாளோ, யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பினாங்களோ! பாவம், அவகிட்ட யாரும் கேட்கவே இல்லையே."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? ஊரிலிருந்து கடிதம் வந்தால் அவர் கண்ணில் படும் முன்னே அவள் எடுத்து ஒளித்துவிடுவாள். இப்படிப் பயந்து பயந்து எத்தனை நாள் குடித்தனம் செய்வது? துரத்தினால் துரத்தட்டும். அம்புஜம் அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"என்னங்க... நான் வசந்தா இல்லை." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

ஆனந்தகிருஷ்ணன் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தார்.

"நீயா சொல்ற வரைக்கும் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன். 'என் பேர்ல தங்கச்சி வர்றா, திருப்பி அனுப்பிடாதீங்க'ன்னு நீ கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க அக்கா எனக்கு லெட்டர் போட்டுட்டா. அன்னிக்கு நான் ஏர்போர்ட்டுக்கு வந்ததே உன்னைக் கூட்டிட்டு வரத்தான், அம்புஜம்."