எட்டாவது ஆணி

ராணுவ வயர்லெஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸ் கருவிகளுக்கும் நாங்கள் செய்யும் பேட்டரி உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை இரும்பு அறைக்குள் பூட்டி, பாதுகாப்புச் சோதனைக்காக வெளியிலிருந்து பொத்தானை அழுத்தி ஆணி இறக்கி வெடிக்கவிடுவோம். உள்ளே சூடு இருபத்தேழு டிகிரிக்கு இறங்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது. போன வாரம் என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், அவசரப்பட்டுத் திறந்தார். பேட்டரியில் வெடிக்காமல் இருந்த மிச்சம் அப்போதுதான் வெடித்தது. அவர் மார்பிலிருந்து எட்டுத் துண்டுகளை எடுத்தார்கள்.

"துடிச்சாராடா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா, உடனே போயிட்டாரு" என்றேன். அன்று நான் விடுப்பில் இருந்தேன்.

இன்று அதே தொகுதியில் எஞ்சிய மூன்றைச் சோதித்தேன். முதலிரண்டும் அறுநூறு டிகிரியில் கிழிந்து சிதறின. மூன்றாவதில் ஆணி முழுதாக இறங்கியும் தீப்பிடிக்கவில்லை. திரையில் முப்பத்தேழு என்று நின்றது, மனித உடம்பின் சூடு. ஒரு மணி நேரம் கழித்தும் முப்பத்தேழுதான்.

"என்னப்பா, காய்ச்சலா பாத்துட்டு இருக்கே? இன்னொரு ஆணிய இறக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

இறக்கினேன். அறை அதிர்ந்தது. எண் நாற்பதுக்குத் தாவி, மெல்ல முப்பத்தேழுக்கே திரும்பியது. ஏழாவது ஆணிவரை அப்படித்தான். எட்டாவதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது, மணிக்கு ஒரு டிகிரியாக.

முப்பத்து நான்கு ஆனபோது அக்கா ஃபோன் செய்தாள்.

"நெஜமாவே உடனேதானடா போனாரு?"

"ஆமாக்கா" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கதவைத் திறக்க இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.