டேங்க் டூட்டி

"கேரவன்ல டாய்லெட் டேங்க் நிறைஞ்சா யார் காலி பண்றது?"

கேட்டது நீலா.

ஷார்ஜாவில் எதிரெதிர் ஃப்ளாட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்கள். சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டு, ராஸ் அல் கைமா மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ராத்திரி கேரவனில் தங்கிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். இடத்தைச் சொன்னது எதிர்வீட்டு ரம்ஸியா. அவளும் கணவன் சாகிரும்தான் போய் வாடகை வண்டியைப் பார்த்து வைத்துவிட்டு வந்தார்கள். அவள் அனுப்பிய போட்டோவில் கட்டிலும் அடுப்பும் தெரிந்தன. அதைப் பார்த்தே பிள்ளைகள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

புளியோதரை நீலா, கோழி வறுவல் ரம்ஸியா, டென்ட் ஆண்கள் பொறுப்பு என்று எல்லாம் சுமுகமாகப் பிரிந்திருந்தது. டேங்க்கில் வந்து இடித்தது.

நீலாவின் கணவன் உமாபதி தனக்கு வாடை ஆகாது என்றான். நீலாவுக்கு முதுகு வலி. சாகிர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரம்ஸியா பார்த்த பார்வையில் டீ கிளாஸை எடுத்துக்கொண்டான்.

"அதுக்கு ஏன் கவலை? முனியசாமி அண்ணனைக் கூட்டிட்டுப் போயிடுவோம்," என்றாள் ரம்ஸியா.

முனியசாமி அந்த பில்டிங்கில் படிக்கட்டு துடைப்பவர். குப்பை எடுப்பதும் அவர்தான். பரமக்குடிப் பக்கம்.

நீலா அவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு அந்த மனுஷனுக்கு. அதுலயும் நம்ம கக்கூஸைக் கழுவ வைக்கணுமா? ஊர் சுத்தப் போறதுக்கும் உனக்கு ஆள் கேக்குதா?"

"அப்ப நீ பண்றியா?"

நீலா குழாயைப் பார்த்தாள். "நான் பண்றேன்னு சொல்லலை. கொஞ்சம் மனுஷத்தன்மை வேணும்னு சொல்றேன்."

"அவர் சரின்னுட்டா உனக்கென்ன?"

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் முனியசாமியைப் பார்த்ததும் ரம்ஸியா கூச்சமே இல்லாமல் கேட்டாள். மலைக்குப் போகிற வண்டியில் டேங்க் ஒன்று இருக்கிறது, எங்கள் நாலு பேருக்கும் அதில் கை வைக்க வராது, நீங்கள் வந்தால்தான் ட்ரிப்பே என்று அடுக்கினாள்.

முனியசாமி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் உங்களுக்கு எங்கம்மா வரும்? சனிக்கிழமை ரெண்டு மணிக்கு டூட்டி முடிஞ்சுடும். வந்துடறேன்."

பக்கத்தில் நின்ற நீலாவுக்கு உடம்பு கூசியது. அப்புறம் இரண்டு நாள் ரம்ஸியாவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. படித்தவள், தொழுகிறவள், இப்படியா என்று உமாபதியிடம் புலம்பினாள். ட்ரிப்பை கேன்சல் பண்ணிடலாமா என்று அவன் கேட்டபோது மட்டும், பிள்ளை பையெல்லாம் அடுக்கிவிட்டாளே என்றாள். டேங்க் கவலை தீர்ந்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்னவோ உண்மைதான்.

சனிக்கிழமை கேரவன் பில்டிங் வாசலில் வந்து நின்றது. புளியோதரைத் தூக்கோடு நீலா இறங்கி வந்தாள்.

முனியசாமி முன்னாலேயே தயார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஒரு கையில் பக்கெட், அதற்குள் கையுறையும் பிரஷ்ஷும். இன்னொரு கையில் வாய் கட்டிய பெரிய பை.

"பையில என்னண்ணே?"

"என் தம்பிக்குங்க மேடம். நாம போற வழியில கல் குவாரியில இருக்கான். ஒரே நாட்டுல இருந்தும் பார்த்து மூணு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் பஸ் கிடையாது, டாக்சி நமக்குக் கட்டாது. நாளைக்கு அவனுக்கு லீவாம். வந்த வேலையோட அவனையும் ஒரு எட்டு பார்த்துக்கலாம்னு ரம்ஸியாம்மா சொல்லிச்சு." பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சீடை, முறுக்கு, ஒரு ஸ்வெட்டர். மலையில குளிரும்ல."

நீலா வண்டிக்குள் ஏறினாள். டிஷ்யூ ரோலை டாய்லெட்டில் வைத்துவிடலாம் என்று தேடினாள். கட்டில், அடுப்பு, சிங்க். ஒரு கதவைத் திறந்தால் பாத்திரம். இன்னொன்றைத் திறந்தால் கேஸ் சிலிண்டர். மூன்றாவது கதவே இல்லை.

கட்டிலில் விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள் ரம்ஸியா.

"டாய்லெட் எங்கடி?"

ரம்ஸியா ஜன்னல் வழியாக வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பியைப் பார்க்க எங்களோட வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். குடும்பமாப் போற இடத்துல நான் எதுக்கும்மான்னுட்டார். சரி, பிள்ளைங்களைப் பார்த்துக்க வாங்கன்னேன். அதுக்குத்தான் நீங்க நாலு பேர் இருக்கீங்களேங்கிறார். நம்மால முடியவே முடியாத வேலையா ஒண்ணு இருந்தாத்தான் அந்த மனுஷன் வண்டியில ஏறுவார். என்ன வேலைன்னு தெரியாம முழிச்சுட்டிருந்தேன். அன்னைக்கு நீ டேங்க்கைக் கேட்டே."

"அப்ப அந்த டேங்க்..."

"மெதுவாப் பேசு. இந்த வண்டியில டாய்லெட்டே கிடையாது. கேம்ப்லயே வரிசையாக் கட்டி விட்டிருக்காங்க. அவர் தம்பியைப் பார்த்துட்டு வரட்டும், அப்புறமாச் சொல்லிக்கலாம்."

நீலா டிஷ்யூ ரோலைக் கட்டிலில் போட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணே, பக்கெட்டை மறக்காம ஏத்திடுங்க. உங்களை நம்பித்தான் கிளம்புறோம்."