ஆழமான பக்கத்துப் படிக்கட்டு

“ஆழமான பக்கத்துல ஒரு படிக்கட்டு வேணும்மா. குழந்தைங்க கால் எட்டுற மாதிரி, சின்னச் சின்னப் படியா.”

நீச்சல் மாஸ்டர் பிடித்த பிடியில் நின்றார். ஆர்க்கிடெக்ட் பெண்ணுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பல வருடமாக மூடிக் கிடந்த நீச்சல் குளத்தை நூலகமாக மாற்றும் வேலை அவளுடையது. நீல ஓடுகள், ஆழத்தைக் காட்டும் எண்கள், மாஸ்டரின் உயரமான இரும்பு நாற்காலி, எதையும் தொடக் கூடாது என்று அவளே முடிவு செய்திருந்தாள். குளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து படிக்கலாம். இறங்கி ஏற, ஆழமில்லாத பக்கத்தில் சரிவுப் பாதை வரைந்தாயிற்று. எதிர்ப்பக்கம் இன்னொரு படிக்கட்டு வைத்தால் இரண்டு புத்தக அலமாரிகள் போய்விடும்.

ஊரே வந்து அவளிடம் ஞாபகங்களைக் கொட்டியிருந்தது. வயிறு அடிபடக் குதித்தவர், குளத்தங்கரையில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர், பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாஸ்டரை இன்னும் திட்டுகிறவர். குளத்தை ஏன் மூடினார்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். மாஸ்டரும் “தண்ணி சரியில்லம்மா” என்றதோடு சரி.

“அங்க பழைய ஏணி இருக்கே மாஸ்டர், அதை அப்படியே விட்டுடறேன்.”

“ஏணி வேணாம். ஈரக் கை வழுக்கும்.”

தண்ணீரே இல்லாத குளத்தில் ஈரக் கை எங்கிருந்து வரும்? கேட்க வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் வரைபடத்தை எடுத்து விரித்தாள். அலமாரிகளை விட்டுக்கொடுத்தாள்.

திறப்பு நாளன்று, வெளியே மரக்கிளைகள் அசைய அசைய, கண்ணாடிக் கூரை வழியே இறங்கிய வெயில் நீல ஓடுகளில் அலையடித்தது. ஆழத்தில் பிள்ளைகள் குப்புறப் படுத்துப் படித்தார்கள். பக்கம் புரட்டும் சத்தம்கூட நீருக்கடியிலிருந்து வருவதுபோல் மெல்லக் கேட்டது. மாஸ்டர் தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் புதுப் படிகளில் தடதடவென்று ஏறி வீட்டுக்கு ஓடினார்கள். காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றான். மாஸ்டர் இறங்குகிற வழியாக இல்லை.

“எல்லாரும் போயாச்சு மாஸ்டர். பூட்டச் சொல்லவா?”

“கொஞ்சம் இரும்மா. இன்னும் ஒருத்தன் ஏறி வரல.”

அவள் எட்டிப் பார்த்தாள். நீலத் தரையில் யாருமில்லை.

“யாரு மாஸ்டர்?”

“என் பையன்,” என்றார் அவர், படிகளிலிருந்து கண்ணெடுக்காமல். “இத்தனை வருஷமா அவனுக்கு ஏறி வரப் படி இல்லாம இருந்துச்சு.”